வரைந்தவர் பெயர் இல்லாத படம்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது டீ குடிக்கப் போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. போன மாதம், கம்ப்யூட்டரை வைத்துப் படம் போடும் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது பார்த்தேன். கம்ப்யூட்டரில் கோட் எழுதினீர்கள், ஒரு பட்டனைத் தட்டினீர்கள், பேனா தாளின் மேல் ஓட ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பக்கம் கலைந்து போனீர்கள். அந்த அறையில் நின்று பேனாவையே முறைத்துக்கொண்டிருந்தது ரிட்டயரான இந்தக் கிழவி ஒருத்திதான். அப்புறம் உங்களில் ஒருவர் கையில் பிஸ்கட்டோடு வந்து கேட்டார்: "மேடம், இதை நான் வரைஞ்சதுன்னு சொல்லலாமா, மெஷின் வரைஞ்சதுன்னு சொல்லணுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்வி மேல் கோபமில்லை, பிஸ்கட் மேல்தான். இதே கேள்வியை ஒருவர் திண்டிவனத்தில், ஒரு அறை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். அதற்கு நான் சொல்லப்போகும் பதிலில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கட் கடிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அறுபதுகளில் நடந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நாங்கள் கேட்டதில்லை. உடனே "கோலத்திலிருந்துதானே மேடம் இதெல்லாம் வந்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். பேட்டி எடுக்க வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்குக் கோலம் வராது. புள்ளி வைத்தால் வரிசை கோணும். நான் வந்த வழி வேறு.

நான் முகையூர்ப் பக்கத்துப் பெண். விழுப்புரத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் ட்ரேசர் வேலை பார்த்தேன். ட்ரேசர் என்றால், ஒரு டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மையில் கோடு இழுப்பவர். ஏரி மதகு, வாய்க்கால், பாலம் என்று எல்லாமே வரும். அடியில் இருக்கும் கோடு எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். தப்பித்தவறிக் கூட நம் புத்தியைக் காட்டக் கூடாது. ஒருமுறை ஒரு டிராஃப்ட்ஸ்மேன் மதகின் படியைத் தப்பாகப் போட்டிருந்தார். நான் திருத்தி இழுத்தேன். "உன்னை யாரு யோசிக்கச் சொன்னது?" என்று ஹெட் கிளார்க் வரைக்கும் போய்விட்டது விஷயம்.

எனக்கு அந்த நாற்காலியில் இருப்புக்கொள்ளாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். பக்கத்து மேஜைக்காரர் கோடு நடுங்குகிறது என்று திட்டுவார். கை சுத்தம், வேலை சுத்தம், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். ஆயுசு முழுக்க அடுத்தவர் கோட்டின் மேலேயே நடந்து செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. சம்பளம் வந்த நாளில்கூட அந்தப் பயம் போகவில்லை.

அந்த நிலையில்தான் அவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் கதை அவருடையதாகிவிடும், அவர் அப்படிப்பட்ட ஆள். ஸ்டேஷன் ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கிராமபோன், தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிடுவார். திருப்பிச் சேர்ப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. நான் தங்கியிருந்த விடுதியின் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். மேஜை மேல் இரண்டு கிராமபோன்கள், மூடி இல்லாமல், தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று வேகம், ஒன்று நிதானம்.

"அண்ணே, ரெண்டு தட்டிலும் ஒரு குச்சியைக் கட்டி, குச்சி ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு பேனாவைச் சொருகினா என்னா ஆகும்?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. பாக்கலாமே."

"சும்மா பாக்க நான் இன்னா சினிமா கொட்டாயா வச்சிக்கினு இருக்கேன்?" என்றவர், அன்றைக்கே கட்டிவிட்டார். மழைக்காலம் முழுக்க அதை மாற்றி மாற்றிக் கட்டினோம். கடைசியில் அது ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கியது. இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலிருந்தும் ஒரு மூங்கில் பட்டை, இரண்டும் சேரும் முனையில், கண்ணாடிக் குழாயை நெருப்பில் இழுத்து அவர் செய்த பேனா. சாவி கொடுத்தால் ஓடும். ஸ்பிரிங் தளரத் தளர வேகம் குறையும். அதனால் போன கோட்டிலேயே மறு கோடு விழாது, கொஞ்சம் தள்ளி விழும். அப்படித் தள்ளித் தள்ளி விழுந்துதான் படம்.

வெறும் வட்டமாக வந்துகொண்டிருந்தது எனக்கு அலுத்துவிட்டது. கெட்டி அட்டையில் விதவிதமான விளிம்பு வெட்டி, தட்டின் மேல் மாட்டினேன். பட்டை அந்த விளிம்பை ஒட்டியே போய்வரும். விளிம்பு உள்ளே வளைந்தால் கோடும் உள்ளே வரும். மேட்டை அரை விரல் தள்ளி வெட்டினால் படமே வேறு. எந்த அட்டையோடு எந்த அட்டை சேரும், எது சண்டை போடும், சாவியை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் போகப் போகக் கைக்கு வந்தது. நீங்கள் கோட் என்று சொல்வது எனக்கு அந்த அட்டைக்கட்டு. கத்திரிக்கோலால் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸில் ஒரு டிசைன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. புடவை, ஜமுக்காளம், அச்சுத் துணி எல்லாவற்றுக்கும் வடிவம் போடுவதைச் சொல்லிக்கொடுப்பார்கள், தங்க இடமும் தருவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தேர்வு திண்டிவனத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில். வயது வரம்பு உண்டு. எனக்கு அதுதான் கடைசி வருஷம். போனால் போனது, அப்புறம் காலமெல்லாம் மதகுதான்.

படங்களை மட்டும் சுருட்டி எடுத்துப் போவதாக இருந்தேன். ரிப்பேர் கடை அண்ணன் விடவில்லை. "மிஷினு இல்லாம படத்தை மட்டும் காட்டினா எவன் நம்புவான்? நானும் வர்றேன்" என்று பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். எனக்கு எரிச்சல். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது, பாட்டுப் பொட்டியா?"

"படம் போடற பொட்டி. ஒலகத்துலயே இது ஒண்ணுதான். மேல ஏத்தாதே, மடியில வச்சிக்கிறேன்."

"மடியிலயோ தலையிலயோ, ஜல்தி உக்காரு."

விக்கிரவாண்டி தாண்டுகிற வரைக்கும் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாருக்கும் மெஷினைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வாங்கிக் கொடுத்த மல்லாட்டையை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) உரித்து உரித்துத் தோலைக் கையிலேயே பொடியாக்கினேனே தவிர, ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

தேர்வு நடத்த வந்தவர் மெட்ராஸ்காரர். கதர்ச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. கெட்டவர் இல்லை, கறாரானவர். எனக்கு முன்னால் போனவர்கள் காட்டிய மயிலையும் மாங்காயையும் பொறுமையாகப் பார்த்தார். என் தாள்களை விரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார். எனக்குள் ஒரு குதிப்பு. சரி, கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அவர் விரல் தாளின் வலது கீழ் மூலையில் நின்றது.

அங்கேதான் என் வினை இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எந்தப் படமானாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட வேண்டும். வரைந்தவர், ட்ரேஸ் செய்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று வரி. வரைந்தவர் என்ற வரியில் டிராஃப்ட்ஸ்மேன் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். ட்ரேசர் அதைத் தொட்டால் அதிகப்பிரசங்கித்தனம். பழக்கதோஷத்தில் என் சொந்தப் படங்களிலும் கட்டம் போட்டிருந்தேன். போட்டதோடு நிற்காமல், ட்ரேஸ் செய்தவர் என்ற வரியில் என் இனிஷியலையும் அழகாக எழுதியிருந்தேன். வரைந்தவர் என்ற வரி ஒவ்வொரு தாளிலும் காலி. வேறு எந்தத் தொழில்காரரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய மாட்டார். எனக்கோ அது முட்டாள்தனமாகவே அதுவரை தோன்றவில்லை.

"இது யாரோ வரைஞ்சதை நீ ட்ரேஸ் எடுத்திருக்கியா?"

"இல்ல சார்."

"உன் கையெழுத்துல நீயே அப்படித்தானே எழுதியிருக்கே? வரைஞ்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்றிருந்த அண்ணன் முந்திக்கொண்டார். "மிஷினுங்க! வரைஞ்சது மிஷினு! நான் செஞ்சது, இதோ கையோட எடுத்தாந்திருக்கேன்!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது எனக்கு. தேர்வாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அப்போ கோடு போட்டது மெஷின். மெஷினைச் செஞ்சது இவர். நீ என்னம்மா செஞ்சே? சீட்டை நான் யாருக்குக் கொடுக்கணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். அட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் தடுமாறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பேச்சு வேண்டாம். மெஷினைக் கொண்டாங்க. நானே ஓட்டிப் பார்க்கறேன். எனக்கும் இதே மாதிரி வந்துடுச்சுன்னா, இதுல உன் வேலை ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். சரியா?"

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அண்ணன் பெருமையாகப் பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தார். தேர்வாளர் என் அட்டைக்கட்டைப் பிரித்தார். சீட்டுக்கட்டில் உருவுவதுபோல ஒன்று எடுத்தார், இன்னொன்று எடுத்தார். எனக்குத் திக்கென்றது. அவை இரண்டையும் நான் ஒருபோதும் சேர்த்து மாட்டியதில்லை. இரண்டும் சண்டைக்கார அட்டைகள், குப்பையாகத்தான் வரும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். குப்பை வந்தால் நல்லதுதானே, நான் இல்லாமல் முடியாது என்று தெரிந்துவிடுமே என்று ஒரு மனம் சந்தோஷப்பட்டது. சாவி கொடுத்தார். பேனாவை இறக்கினார்.

வந்தது குப்பை இல்லை.

முதலில் கோடு தயங்கித் தயங்கிப் போயிற்று. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்து, தன் மேலேயே மடிந்து, காற்றில் துணி சுருளுவதுபோலச் சுருள ஆரம்பித்தது. மற்ற மனுதாரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். நான் அதுவரை போட்ட எந்தப் படமும் அதற்குக் கிட்ட வராது. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அட்டையை உருவி, என் கண் முன்னாலேயே என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேறு பக்கத்தில் நின்று, "எப்படிப் போவுது பாருங்க, எப்படிப் போவுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் என் கண் படத்தின் நடுவிலேயே இருந்தது. அங்கே கோடுகள் நெருங்கிக்கொண்டு வந்தன. ஸ்பிரிங் தளர்ந்ததும் பேனா மெதுவாகும். மெதுவானால் மை கூடுதலாக இறங்கும். இன்னும் கொஞ்சம் போனால் அந்த வெள்ளை இடம் மூடி, படம் முழுக்க ஒரு கறுப்புக் குழியாகிவிடும். மெஷினுக்கு அது தெரியாது. தேர்வாளர் சுருளும் ஓரத்தையே ரசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா நின்றால் போதும், படம் கெட்டுவிடும். கெட்டால் எனக்கு லாபம். அதை நான் நன்றாக யோசித்தேன், இப்போது உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

யோசனை முடிவதற்குள் கை போய்விட்டது. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து பேனாவைத் தூக்கிவிட்டேன்.

"ஏய்! யாரு எடுக்கச் சொன்னது?" தேர்வாளருக்கு அப்படியொரு கோபம். "அது என் படம்!"

"இல்ல சார். என்னுது."

என் குரல்தான் அது, எனக்கே நம்ப முடியவில்லை. அவர் என்னையே பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கொஞ்சநேரம் முன்னால்தான் இது மெஷின் போட்டது, ஆளுக்கு வேலை இல்லை என்றவர் அவர். கோபம் இறங்கிற்று. ஆனால் விடவில்லை.

"அட்டையை எடுத்தது நான். சாவி கொடுத்தது நான். மெஷின் அவரோடது. உன்னுது எப்படி?"

"அட்டையை எடுத்தது நீங்க. வெட்டினது நான், சார். நீங்க எந்த ரெண்டை எடுத்தாலும் நான் வெட்டின ரெண்டுதான் வரும். இது என் படத்தை விட நல்லா இருக்குது, அது நெசம். இந்த ரெண்டு அட்டை சேரும்னு எனக்கே தெரியாது. ஆனா எங்க நிறுத்தணும்னு இந்த ரூம்ல எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சது. பாருங்க, நடுவுல. இன்னும் ஒரு சுத்து போயிருந்தா மூடியிருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு நெல் அளவுக்கு வெள்ளை மிச்சமிருந்தது. படத்துக்கே மூச்சு விட அதுதான் இடம்.

"அப்போ இவர் செஞ்ச மெஷின்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல்தான் சொன்னேன். "மெஷின் அவருதுதான் சார். படம் அவருது இல்ல."

தேர்வாளர் தன் பேனாவை என் பக்கம் தள்ளினார். "'இது என்னுது'ன்னு யாராவது சொல்றாங்களான்னுதான் பார்த்தேன். மயில் போட்டவன்கூட இது எங்க வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுங்கறான். எழுதும்மா, காலியா இருக்கிற வரியில எல்லாம் எழுது. அடுத்த தடவை அந்த ட்ரேஸ் கட்டத்தைப் போட்டுக்கிட்டு வந்தே, வாசலோட அனுப்பிடுவேன்."

சீட்டுக் கிடைத்தது. அங்கேயே சொல்லிவிட்டார்.

உங்கள் வயதில் இருந்திருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு உறைத்த பாடம் அந்த அறையில் கிடைத்ததல்ல. திரும்பி வருகிற பஸ்ஸில் கிடைத்தது.

காலையில் பஸ் முழுக்க லெக்சர் அடித்த அண்ணன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. நான் டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"அண்ணே, மெஷின் உங்களுதுன்னு நான் சொன்னேனே" என்றேன்.

"சொன்னே, சொன்னே."

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எனக்குச் சீட்டுக் கிடைத்த குஷி ஒரு பக்கம், அவர் முகம் ஒரு பக்கம். எதையாவது பேசிச் சரிக்கட்ட வேண்டும் என்ற அவசரத்தில், பேசக் கூடாததையே பேசினேன். "மெட்ராஸ் போறப்ப மெஷினை எடுத்துக்கினு போறேன் அண்ணே. பத்திரமா வச்சிக்கிறேன்."

அவர் பெட்டியைக் கீழே வைக்காமலேயே நின்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"படம் உன்னுதுன்னு அத்தினி பேரு எதிர்ல சொன்னியேம்மா. படம் உன்னுதுன்னா மிஷினு எதுக்கு?"

அழுகை வந்துவிட்டது எனக்கு, அந்தக் கூட்டத்தில், பஸ்ஸுக்குக் கூவுகிற சத்தத்தில். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டும் சரியாக இருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து, அட்டைக்கட்டை எடுத்து, நூலால் சுற்றி என் கையில் கொடுத்தார். மூடியைச் சாத்தி, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்களே, படம் என்னுடையது என்று சொல்வது சுலபம். சொன்ன வாய்க்கு மறுநாளே பரீட்சை வரும். கம்ப்யூட்டர் உங்களுடையதில்லை. மெஷின் யாரோ ஒரு கம்பெனியுடையது. ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வையுங்கள், அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருக்கும் என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கையில் அட்டைகள் இருந்தன. மெட்ராஸ் விடுதிக்குப் போன முதல் சாயங்காலம், கட்டிலில் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற பெண்கள் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் பேச்சு காதில் ஏறவில்லை. ஒரு அட்டையை எடுத்து அதன் விளிம்பின் மேல் விரலை ஓட்டினேன். கோடு எங்கே உள்ளே வரும், எங்கே மடியும், எங்கே பேனாவைத் தூக்க வேண்டும் எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. இல்லாதது அட்டையை மாட்டிச் சுற்றுவதற்கு ஏதோ ஒன்று, அவ்வளவுதான். எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவிடம், உபயோகமில்லாத தட்டு இரண்டு இருக்குமா என்று கேட்டேன்.